வலி நின்றுபோன பல்

என் பல் கிளினிக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் என்ற ஊரில் இருப்பதால் தூத்தூர், இனயம், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து கடலுக்குப் போகிறவர்கள் நிறைய வருவார்கள். ஆழ்கடல் போட்டில் ஏறினால் கரை திரும்ப ஒரு மாதம், சில நேரம் நாற்பது நாள்கூட ஆகும். அப்படி ஒருவர் சில வருடங்களுக்கு முன் கன்னத்தில் கைவைத்தபடி வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய குழி, இரண்டு ராத்திரி தூக்கமில்லை. ரூட் கெனால், அதாவது வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கிற சிகிச்சை, செய்ய வேண்டும், இன்றைக்கே தொடங்கலாம் என்றேன். போட்டு கிளம்பப் போகிறது, மாத்திரை மட்டும் போதும் என்றார். மறுநாள் நானே போன் செய்தேன், குரலில் அவ்வளவு உற்சாகம். "வேதனை மாறியாச்சு மக்களே, இனி வந்து பாக்கிலாம்."

எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. வலியோடு வரும் பல்லைவிட, துடியாய்த் துடித்துவிட்டுத் திடீரென்று அமைதியாகிற பல்லுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

பல்லுக்குள் நாம் சும்மா ‘நரம்பு’ என்று சொல்வது நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த ஒரு மெல்லிய சதை. உடம்பில் வேறெங்காவது புண் வந்தால் அந்த இடம் வீங்கிக்கொள்ளும். இந்தச் சதைக்கோ சுற்றிலும் கல் மாதிரிச் சுவர், வீங்க இடமே இல்லை. சொத்தை வழியாகக் கிருமி உள்ளே போனதும் அழுத்தம் ஏறும், வலி உயிரை எடுக்கும், படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுவதால் இன்னும் மோசம், அதனால்தான் பல்வலிக்காரர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார்கள். அப்புறம் அதே அழுத்தம் உள்ளே வரும் ரத்தத்தையும் நெரித்துவிடும், சதை செத்துப்போகும். செத்த நரம்பு வலிக்காது. கிருமிக்கு மட்டும் வீடு கிடைத்துவிட்டது. அது வேரின் நுனியில் இருக்கிற ஊசித்துளை வழியாக எலும்புக்குள் இறங்கி, மெதுவாகச் சீழ் சேர்க்கும்.

ஆன்டிபயாட்டிக் போட்டால் சரியாகாதா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். மாத்திரை ரத்தத்தில் ஏறித்தானே போக வேண்டும்? ரத்த ஓட்டமே நின்ற பல்லுக்குள் அது எப்படிப் போகும்? வெளியே பரவுகிற வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், அவ்வளவுதான்.

அவருக்கும் அதுதான் நடந்தது. இருபதாவது நாள் நடுக்கடலில் தாடை வீங்கி, போட்டில் இருந்த மாத்திரையெல்லாம் போட்டும் கேட்காமல், கரைக்கு வந்தபோது வாய்க்குள் ஒரு விரல் நுழையவில்லை. கூடவே சர்க்கரை நோய் வேறு. என் கிளினிக்கில் வைத்துப் பார்க்கிற நிலையில்லை, உடனே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். அங்கே சீழை வெளியேற்றினார்கள். தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் பல் டாக்டரைத் தேடி அலையாதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

குளிர்ந்த தண்ணீர் பட்டுச் சுருக்கென்று கூசி அடுத்த நொடி மறைந்தால் பெரும்பாலும் அடைத்துவிட்டாலே போதும். கூச்சம் நிமிடக்கணக்கில் நிற்கிறது, சூடான சாயா குடித்தால் வலிக்கிறது, ஒன்றும் தொடாமலேயே வலிக்கிறது, கடித்தால் அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்கிற மாதிரி இருக்கிறது, ஈறில் கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வருகிறது என்றால் விஷயம் உள்ளே போயாச்சு.

ரூட் கெனால் சிகிச்சையில் வேரைப் பிடுங்குவதில்லை, வேர் அங்கேயேதான் இருக்கும். மரத்துப்போக ஊசி போடுவோம். கொதிக்கிற வலியோடு வரும் கீழ்க் கடைவாய்ப் பல் சில நேரம் ஒரு ஊசிக்கு மசியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொன்று போடலாம். அப்புறம் எச்சில் படாமலிருக்கப் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பு மாட்டுவோம். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஷீட்டுல்லா!" என்றார். முழுதாக விளக்கினேன். கடைசியில் வேருக்குள் அடைக்கிற கட்டாபெர்ச்சாவும் மலேசியப் பக்கத்து மரமொன்றின் பால்தான், ரப்பருக்குத் தாயாதி, ஆனால் ரப்பர் மாதிரி இழுத்தால் நீளாது. வாய் மரத்திருந்ததால் அவருக்குச் சிரிக்க வரவில்லை.

பொறுமை வேண்டியது நடுவில் வரும் வேலைக்குத்தான். நுனி 0.10 மில்லிமீட்டர் இருக்கிற, தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனான அரத்தை விட்டு, வேருக்குள் அந்தச் சதை இருக்கிற குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சுத்தம் செய்ய வேண்டும். முன்பல்லுக்குப் பொதுவாக ஒரு குழாய், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, சிலருக்கு நான்கு. மேலே முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது ஒன்று ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் சில வருடம் கழித்து அதே பல்லோடு திரும்ப வருவார்கள். ‘ஏன் இவ்வளவு நேரம்’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மேல் பல்லில் கைவைத்தால் கண் போய்விடும் என்ற பேச்சு நம்மூரில் இன்னும் ஓயவில்லை. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வருகிற நரம்பு வேறு. வலிக்கிற இடத்தில் புகையிலையை அதக்குவதும் ஆஸ்பிரினைப் பொடித்து வைப்பதும் ஈறை வெந்துபோக வைக்கும்.

ரூட் கெனால் செய்தது கடைவாய்ப் பல் என்றால் மேலே கேப், அதாவது பல்லை மூடுகிற உறை, கட்டாயம். ஏற்கெனவே சொத்தை தின்ற பல், நாங்களும் குடைந்திருக்கிறோம், மீதி ஓடுதான். வலியில்லை என்று கேப்பைத் தள்ளிப்போட்ட ஒரு டீச்சர் முந்திரிக்கொத்தைக் கடித்தபோது பல் நடுவே பிளந்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கடல்காரரின் பல்லை வீக்கம் வடிந்ததும் நான்தான் முடித்துக் கொடுத்தேன். கேப்புக்கு அளவெடுத்த அன்று, "அடுத்த நடை போயிட்டு வந்து போட்டா போதும்லா?" என்றார். போட்டு எப்போது கிளம்புகிறது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் வரச்சொல்லி எழுதிக்கொடுத்தேன்.