“ஒரு வீடியோ போட்டுவிடுங்கண்ணே”: பதிவர்களிடம் எப்படிக் கேட்பது?

பாம்பனில் நாலு அறை வைத்து விடுதி நடத்துபவர், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுபவர், கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கும் லாத்தா. விளம்பர வேலைக்காக என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். டிவியில், பேப்பரில் விளம்பரம் கொடுக்கக் கையில் காசு இருக்காது. உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றே ஒன்று: “தெரிஞ்ச யூடியூபர், ப்ளாக் எழுதுறவங்க யாராச்சும் இருந்தா ஒரு வார்த்தை சொல்லி விடுங்களேன்.” சொல்லிவிடுவது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தப் பதிவர்களின் வாட்ஸ்அப்பை ஒருமுறை பார்த்தால், இப்படிக் கேட்டுக் கேட்டே அவர்களை எவ்வளவு வெறுப்பேற்றி வைத்திருக்கிறோம் என்பது புரியும்.

வழக்கமாகப் போகும் செய்தி இப்படி இருக்கும்: “டியர் சார், எங்கள் கருப்பட்டி 100% இயற்கையானது, தரமானது. தங்கள் சேனலில் போட்டு ஆதரவு தரவும். ரேட் என்ன?” கீழே வரிசையாக எட்டு போட்டோ, ஒரு பிடிஎஃப். செய்தி போய்ச் சேர்வதோ ஒரு பெண்ணுக்கு. அவர் எழுதுவது பறவைகளைப் பற்றி; குளிர்காலத்தில் பூநாரை பார்க்கத் தனுஷ்கோடிக்கு வந்து போகிறவர். கருப்பட்டிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? பதில் வராது. மூன்றாம் நாள் “சார், பார்த்தீங்களா?” நான்காம் நாள் ஒரு கேள்விக்குறி. அதற்கடுத்து மிஸ்டு கால். அதோடு அந்த நம்பர் பிளாக் ஆகிவிடும்.

ஒரு பதிவருக்குக் கைமுதல், அவர் சொன்னால் நம்பலாம் என்று நினைக்கும் கொஞ்சம் பேர்தான். அந்தக் கைமுதலை எடுத்து நம் கடையில் போடச் சொல்கிறோம் என்ற நினைப்போடு கேட்க வேண்டும். பதிலுக்கு நாம் என்ன தருகிறோம்? ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியோ ஒரு நாள் இலவச அறையோ அவருக்குப் பெரிதில்லை, அது தினமும் வருகிறது. இந்தக் கரையில் இருக்கும் நம்மிடம் அவருக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது: விவரம்.

அதே கருப்பட்டிக்காரருக்கு உணவு பற்றி எழுதும் வேறொரு பதிவரைத் தேடிப் பிடித்து, அவருடைய பழைய பதிவுகளை உட்கார்ந்து படித்த பிறகு, நான் எழுதிக் கொடுத்தது இது:

“வணக்கம். இனிப்பு வகைகளில் நடக்கும் கலப்படம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்கள் சாயல்குடி அருகே கருப்பட்டி காய்ச்சுகிறோம். இப்போது பனை சீசன். விடியற்காலையில் பதநீர் இறக்குவதிலிருந்து, காய்ச்சிப் பாகாக்கிச் சிரட்டையில் ஊற்றும் வரை கூடவே இருந்து பார்க்கலாம். சீனி கலந்த கருப்பட்டி எப்படி இருக்கும் என்று எங்கள் அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். எங்கள் பெயரைப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோதுப்படாவிட்டால் பதில் போடவில்லை என்றாலும் வருத்தமில்லை.”

படித்துவிட்டுக் கருப்பட்டிக்காரர் சிரித்தார். “பேரே போட வேணாம்னா நமக்கு என்னண்ணே லாபம்?” நியாயமான கேள்விதான். பெயரைப் போடு என்று நெருக்கினால் பதிவருக்கு அது விளம்பரம் ஆகிவிடும். விட்டுவிட்டால் அவருக்கு அது ஒரு செய்தி. அடுப்படியில் உட்கார்ந்து சூடாக ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டவர், யார் வீட்டு அடுப்பு என்று எழுதாமல் போவது அபூர்வம். அப்படியே எழுதாமல் போனாலும், அடுத்த முறை பனை பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்.

விவரத்துக்குக் காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் “வாங்க, கடல் உணவு வீடியோ எடுக்கலாம்” என்று கூப்பிட்டால் வந்தவர் ஏமாந்துதான் போவார். ஆனால் அந்த மாதங்களில் நாட்டுப்படகு என்ன கொண்டுவருகிறது, கருவாட்டு விலை எங்கே நிற்கிறது என்று சொன்னால் அதுவே ஒரு நல்ல பதிவு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்காரர்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்புவதைவிட, களத்தில் மிளகாய் சிவந்து காயும் நாட்களைச் சொல்லி அனுப்புங்கள். ஆடி, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கு யாரையும் அழைக்காதீர்கள். உங்களுக்கே அவரோடு நின்று பேச நேரம் இருக்காது.

பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து அதன் முன்னால் நின்று பேசாத யூடியூபரே இல்லை. “எங்க மாடியிலிருந்து பாலம் தெரியும்” என்பது இனி யாருக்கும் சேதியில்லை. கப்பல் போகப் பாலத்தின் தூக்குப் பகுதி ஏறப்போகிறது என்று விசாரித்து முந்தின நாளே சொன்னீர்களானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருகிறவரை அசத்துவதாக நினைத்து, படகில் ஏற்றி ஆளில்லாத் தீவில் இறக்கிவிடுகிறேன் என்று சிலர் வாக்குக் கொடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. வனத்துறை அனுமதித்த சவாரியைத் தவிர வேறு வழியில் அங்கே போனால் வழக்கு வரும், அதுவும் வீடியோ சாட்சியத்தோடு. பவளப்பாறைத் துண்டைப் பரிசாகக் கொடுப்பதும், கடல் அட்டையைக் கையில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வதும் இதே கதைதான். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை.

பணம் கொடுத்தால் கொடுத்ததாகச் சொல்லட்டும். இலவசமாகத் தங்க வைத்தாலும், பொருள் கொடுத்தாலும் பார்வையாளருக்குத் தெரியும்படி குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வழிகாட்டி வெளியிட்டுவிட்டன. தவறான விளம்பரம் என்று முடிவானால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். “விளம்பரம்னு போட்டா எவனும் பார்க்க மாட்டான், நீங்களா சொன்ன மாதிரி சொல்லுங்க” என்று கேட்பவருக்கு நான் வேலை செய்வதில்லை. “லிங்க் கொடுங்க, கூகுளில் மேலே வரணும்” என்பதும் அதே ரகம். காசு கொடுத்து வாங்கிய லிங்க்கைக் குறியிட்டுக் காட்டச் சொல்கிறது கூகுள். குறியிடாமல் கேட்டால் பதிவரின் தளத்துக்கும் ஆபத்து.

எழுதியதை வெளியிடும் முன் காட்டச் சொல்லாதீர்கள். போன் நம்பர், வழி, விலை, கடை திறக்கும் நேரம் இவற்றை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பு வராது. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். குழம்பில் உப்பு தூக்கல் என்று எழுதிவிட்டாரா? போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள், சொந்தக்காரர்களைக் கூட்டி கமெண்டில் திட்ட வைக்கவும் வேண்டாம். விலையைத் தப்பாகப் போட்டிருந்தால் மட்டும் திருத்தச் சொல்லலாம்.

நல்லபடியாக வந்துவிட்டால், அவர் எடுத்த படத்தை ஃப்ளெக்ஸில் அடிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதிவு வந்த நாளில் போனை எடுத்துப் பேச வீட்டில் ஓர் ஆள் இருக்கட்டும். ஆர்டர் போட்டவருக்குப் பார்சல் போய்ச் சேராவிட்டால், திட்டு முதலில் விழுவது அந்தப் பதிவரின் கமெண்டில்தான்.