ஸ்டால் ஸ்பீடு: நிற்பது எது, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பழைய கமாரோ, கார்வெட் மாதிரியான அமெரிக்க வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வீட்டு கராஜிலேயே பிரித்துக் கட்டுகிறவர்களுக்கு கிளட்ச் பிளேட், சீல் கிட் வாங்குவது பெரிய குழப்பம் இல்லை. இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டரில்தான் சிக்கல் தொடங்குகிறது. பட்டியலில் "2,400 ஸ்டால்", "3,000 ஸ்டால்" என்று போட்டிருப்பார்கள். அந்த ஆர்.பி.எம்.முக்குக் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) கீழே இறங்கினால் இன்ஜின் அணைந்துவிடும் என்று சிலரும், அது வரும்வரை வண்டி நகரவே நகராது என்று சிலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு, அந்தத் தவறான புரிதலோடு வாங்கினால் கட்டிய கியர்பாக்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி ஓட்டச் சுகப்படாது.

முதலில் சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டெயால்' என்றால் நிற்கும் இடம், குறிப்பாக மாடு குதிரை கட்டும் இடம். ஜெர்மன் மொழியில் இன்றும் தொழுவத்துக்கு 'ஷ்டால்' என்றே பெயர். நம் டீ ஸ்டாலும் இந்தக் குடும்பம்தான், மென்பொருளை இன்ஸ்டால் செய்கிறோமே அதுவும்தான். அப்புறம் வண்டி சேற்றில் மாட்டி நகராமல் நிற்பதையும் இதே சொல்லால் குறித்தார்கள், அங்கிருந்துதான் இன்ஜின் நின்றுபோவதற்கு வந்தது. ஆக, அடிப்படைப் பொருள் 'நிற்றல்'. கன்வெர்ட்டரைப் பொறுத்தவரை நிற்பது எது என்பதுதான் கேள்வி.

நிற்பது இன்ஜின் இல்லை, டர்பைன். கன்வெர்ட்டருக்குள் மூன்று சக்கரங்கள்: இன்ஜினோடு சேர்ந்து சுற்றி ஆயிலை வீசுகிற இம்பெல்லர், அந்த ஆயிலை வாங்கிச் சுற்றி கியர்பாக்ஸின் உள்தண்டைத் திருப்புகிற டர்பைன், திரும்பி வரும் ஆயிலைச் சரியான கோணத்தில் மடக்கி அனுப்புகிற ஸ்டேட்டர். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காக 1905-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வண்டியை கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் டர்பைன் அசையாது, இம்பெல்லர் மட்டும் சுற்றும். ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் மேலே ஏற முடியாமல் அப்படியே நிற்கும், ஏனென்றால் ஆயிலின் எதிர்ப்பும் இன்ஜினின் திருப்பு விசையும் (டார்க்) அங்கே சமமாகிவிடுகின்றன. அந்த ஆர்.பி.எம்.தான் ஸ்டால் ஸ்பீடு. கன்வெர்ட்டர் திருப்பு விசையை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருக்கிக் கொடுப்பதும் இந்தப் புள்ளியில்தான். (இந்தச் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீட்டாதீர்கள், இன்ஜினின் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாகவே இறங்கும்.)

இப்போது முக்கியமான விஷயம், பட்டியலில் இருக்கும் எண் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. கன்வெர்ட்டருக்கு என்று இருப்பது கே-ஃபேக்டர். அதை இன்ஜினின் திருப்பு விசையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஸ்டால் ஸ்பீடு கிடைக்கும். கே 150 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 225 பவுண்டு-அடி (திருப்பு விசையின் அளவு) கொடுத்தால் 150 × 15, அதாவது 2,250 ஆர்.பி.எம். அதே கன்வெர்ட்டரை 400 பவுண்டு-அடி இன்ஜினில் மாட்டினால் 150 × 20, அதாவது 3,000. பொருள் ஒன்றுதான், எண் வேறு! மெதுவாக மிதித்து இன்ஜின் 64 பவுண்டு-அடி மட்டும் கொடுக்கும்போது கணக்கு 1,200-இல் நிற்கிறது, அதனால்தான் "3,000 ஸ்டால்" போட்ட வண்டியும் தெருவில் சாதாரணமாகக் கிளம்பிப் போகிறது. நண்பர் வண்டியில் 3,000 வந்தது என்பதை வைத்து உங்கள் வண்டிக்கு வாங்காதீர்கள். வண்டியின் எடை, பின் அச்சின் கியர் விகிதம், டயர் உயரம், கேம்ஷாஃப்ட் (இன்ஜினின் வால்வுகளைத் திறக்கிற தண்டு) எந்த ஆர்.பி.எம்.மில் உயிர் பெறுகிறது, இவ்வளவையும் கேட்காமல் கன்வெர்ட்டர் விற்கிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

விட்டம் குறைந்தால் ஸ்டால் ஏறும், அதனால்தான் கம்பெனியிலிருந்து வரும் சுமார் 12 அங்குலக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு 10 அங்குலம் போடுகிறார்கள். ஸ்டால் கூடினால் சறுக்கலும் (இம்பெல்லரைவிட டர்பைன் பின்தங்குவது) சூடும் கூடும், தனி ஆயில் கூலருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். 1982-இல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸில் லாக்-அப் கிளட்ச் உண்டு, நெடுஞ்சாலையில் அது பூட்டிக்கொண்டால் சறுக்கல் நின்றுவிடும். 1964-இல் வந்த டர்போ 400 கியர்பாக்ஸில் அது கிடையாது, அதனால் அதற்கு ஸ்டால் தேர்ந்தெடுக்கும்போது ஆசையை அடக்க வேண்டும். இன்னொன்று, கன்வெர்ட்டரின் இரண்டு பாதிகளும் வெல்டிங்கில் மூடியவை, வீட்டில் திறக்க முடியாது. கிளட்ச் எரிந்த கியர்பாக்ஸ் என்றால் அந்தக் குப்பை உள்ளேயே தங்கியிருக்கும், பழைய கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டுவது புதுக் கிளட்சுகளுக்குச் செய்யும் துரோகம்.

சரி, தமிழ்ச்சொல். டார்க்குக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் 'திருப்பு விசை', பரவலாக எழுதப்படுவது 'முறுக்குவிசை'. கன்வெர்ட்டரை 'முறுக்குவிசை மாற்றி' என்கிறார்கள், அது போதும். ஸ்டால் ஸ்பீடுக்கு 'நிறுத்த வேகம்' என்று எழுதினால் பிரேக் பிடித்து நிறுத்துவது நினைவுக்கு வரும். 'முடக்க வேகம்' என்றால் இன்ஜின் முடங்கிவிட்டதாகவே அர்த்தம் ஆகும், எந்தத் தவறான புரிதலைப் போக்க வேண்டுமோ அதையே அந்தச் சொல் வளர்க்கும். என் பரிந்துரை 'தேக்க வேகம்'. தேங்குவது அணைந்துபோவது ஆகாது, வருவது வந்துகொண்டே இருக்க மேலே போக வழியில்லாமல் நிற்பது, ஆர்.பி.எம். மீட்டரின் முள் மேலே ஏறாமல் நிற்கிற அந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான வினை தமிழில் எனக்குத் தெரியவில்லை. எழுதும்போது எண்ணை மட்டும் தனியாக விடாமல், "400 பவுண்டு-அடி திருப்பு விசையில் 3,000 ஆர்.பி.எம். தேக்க வேகம்" என்று இன்ஜினையும் சேர்த்தே எழுதுங்கள்.