ஏழு செகண்ட் கணக்கை யார் சொன்னது?

"ஏழு செகண்டுக்குள்ள எடுத்தா காப்புரிமைப் பிரச்சினை வராது மேடம்." போன வாரம் அல்சூரிலிருந்து வந்த தம்பியும் இதையேதான் சொன்னார். எஸ்.பி. ரோட்டில் பொறுக்கிய உடைந்த ஸ்பீக்கர், ஜே.சி. ரோட்டு வண்டித் தகரம், கூடவே ஒரு சினிமாப் பாட்டின் ஆறு செகண்ட் வயலின். இவற்றை வைத்து அவர் செய்த ஒலிக்கலைக்கு இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது.

பெங்களூரில் காப்புரிமை வழக்கு பார்க்கும் வக்கீலாகச் சொல்கிறேன்: 1957ஆம் ஆண்டுக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் செகண்ட் கணக்கே கிடையாது. ஏழும் இல்லை, முப்பதும் இல்லை. ஒரு ஒலிப்பதிவைச் சேர்த்து இன்னொரு ஒலிப்பதிவு செய்யும் உரிமை அதன் உரிமையாளருக்குத்தான் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. வேகத்தைக் குறைத்தேன், தலைகீழாக ஓட்டினேன் என்பார்கள். நீங்கள் ஒலிகளைத் தொகுத்த கணினிக் கோப்பை, அதாவது பிராஜெக்ட் ஃபைலை, திறந்தால் மூலப் பாட்டின் பெயர் அப்படியே கிடக்கிறதே!

"காசு வாங்கலையே" என்பது அடுத்தது. கனடா இசைக்கலைஞர் ஜான் ஆஸ்வால்ட், பிறர் பாட்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த தன் குறுந்தட்டை 1989இல் இலவசமாகத்தான் கொடுத்தார். இசைத்துறையின் புகாரால் மிச்சப் பிரதிகளை அழிக்க வேண்டியதாயிற்று.

பழைய பாட்டு என்றாலும் நிதானம் வேண்டும். ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. மெட்டுக்கும் வரிகளுக்கும், எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு. முதலாவது முடிந்தாலும் இரண்டாவது உயிரோடிருக்கலாம். 63ஆம் பிரிவில் சிறைத்தண்டனையும் உண்டு.

நீங்களே தட்டி, உரசிப் பதிந்த தகரச் சத்தத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். 1948இல் பிரெஞ்சு இசைக்கலைஞர் பியர் ஷாஃபர் பாரிஸில் ரயில் சத்தத்தை வைத்தே ஒரு படைப்பைச் செய்தார். தாராளமாகச் செய்யுங்கள். கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மாவின் குரல் வேண்டுமா? அவரிடம் கேட்டுவிட்டு மைக்கை நீட்டுங்கள். பின்னால் டீக்கடை எஃப்.எம். பாடினால், அது நின்றபின் மறுபடி பதியுங்கள். எந்தச் சத்தம், எங்கே, எப்போது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தகராறு வந்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்புறம், படைப்பைக் காட்சிக்கு வைப்பவர்கள் கலைஞரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம். "மூன்றாம் நபர் உரிமை கோரினால் நஷ்டஈடு முழுவதும் கலைஞர் பொறுப்பு" என்ற வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும். தம்பி அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். தயவுசெய்து, கையெழுத்துக்கு முன்னால் வாருங்கள். அனுமதி கேட்டு ஒரு மெயில் அனுப்பவாவது நமக்கு நேரம் இருக்கும்.