லைக்கனின் உருவம் எந்த மரபணுவில் இருக்கிறது?

செட்டிநாட்டுச் சமையலில் மசாலாவோடு சேர்த்து வறுக்கிற கல்பாசி ஒரு லைக்கன். அதன் ஏட்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், அது ஒற்றை உயிர் இல்லை என்பது தெரிந்துவிடும். மேற்புறத்தில் நெருங்கிப் பின்னிய பூஞ்சை இழைகள், அதற்குக் கீழே மெல்லிய பச்சை அடுக்காகப் பாசிச் செல்கள், அடியில் மறுபடியும் தளர்வான இழைகள். உடலின் பெரும்பகுதி பூஞ்சை. ஒளிச்சேர்க்கை செய்து சோறு போடுவது பாசி. சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சிமோன் ஷ்வெண்டனர் 1867-இல் இதை அறிவித்தபோது, லைக்கன் வல்லுநர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். இன்று அதில் சர்ச்சை இல்லை. ஏறத்தாழ 20,000 லைக்கன் இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன.

என்னை வியக்கவைப்பது அதற்கு அடுத்த கேள்வி. லைக்கனிலிருந்து பூஞ்சையைப் பிரித்து ஆய்வகத் தட்டில் தனியாக வளர்த்தால், வடிவமே இல்லாத இழைக்கட்டியாகத்தான் வளர்கிறது. பாசியைத் தனியாக வளர்த்தால் பச்சைப் படலம். இலை போன்ற மடல், சிறு கிண்ணம், செந்நிறத் தலை கொண்ட குச்சி என்று லைக்கன்களில் நாம் காணும் உருவங்களில் எதுவும் இரண்டிலும் இல்லை. அப்படியானால் அந்த உருவத்துக்கான குறிப்பு யாருடைய மரபணுத்தொகுதியில் எழுதப்பட்டிருக்கிறது?

இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் மட்டும் விடை கிடைத்துவிடாது. அமெரிக்க ஆய்வாளர் வெர்னான் அஹ்மாஜியன் கிளாடோனியா கிறிஸ்டடெல்லா என்ற லைக்கனைப் பிரித்து மீண்டும் சேர்க்கும் சோதனைகளைப் பல ஆண்டுகள் செய்தார். ஊட்டச்சத்து தாராளமாகக் கிடைத்தபோது பூஞ்சையும் பாசியும் தத்தம் வழியே வளர்ந்தன. பட்டினி போட்டபோதுதான் ஒன்றுசேர்ந்தன. பாசிச் செல் அளவிலான கண்ணாடி மணிகளைப் போட்டாலும் பூஞ்சை இழைகள் அவற்றைச் சுற்றிப் பிடித்தன! பொருந்தாத பாசிகளையும் பிடித்தன, பிறகு கொன்றுவிட்டன. முதலில் தொட்டுப் பிடிப்பதற்கு ஆள் அடையாளம் தேவையில்லை. பிடித்தபின் அந்தச் செல் உயிரோடு இருக்குமா, உடல் உருவாகுமா என்பதைத் தீர்மானிக்கவே அடையாளம் தேவைப்படுகிறது.

அந்தத் தருணத்தில் மரபணுக்களில் என்ன நடக்கிறது என்பதை கிளாடோனியா கிரேயி என்ற லைக்கனில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு நெருங்கிப் பார்த்திருக்கிறது. பாசியின் அருகே வந்த பூஞ்சை இழை, நேராக நீள்வதை விட்டுவிட்டு அடுக்கடுக்காகப் பக்கக் கிளைகள் விடத் தொடங்குகிறது. கிளைகள் குட்டையாகி, பாசிச் செல்லைச் சுற்றி வளைத்து ஒட்டிக்கொள்கின்றன. அதே நேரத்தில் இரு தரப்பிலும் எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று அளந்தார்கள். இரண்டின் முழு மரபணுத்தொகுதிகளோடு இந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது.

பூஞ்சைத் தரப்பில் முதலில் கவனிக்க வேண்டியது, ரிபிட்டாலைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தின் மரபணு. இதுபோன்ற பச்சைப்பாசிகள் ஒளிச்சேர்க்கையில் கிடைத்த கார்பனை ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலாகத்தான் வெளியே விடுகின்றன. பூஞ்சை அதை வாங்கி மானிட்டாலாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அதாவது, பாசி அருகே வந்ததும் சாப்பாட்டுக்கான கதவைப் பூஞ்சை திறந்துவிடுகிறது. அம்மோனியத்தைக் கடத்தும் புரதத்தின் மரபணுவும் கூடவே முடுக்கப்படுகிறது. இன்னொரு பக்கம், செல்லுக்கு வெளியே சுரக்கும் சிறு புரதங்கள் பெருகுகின்றன. பயிர்களைத் தாக்கும் நோய்ப்பூஞ்சைகள் செடியின் தற்காப்பை அடக்குவதற்கு இத்தகைய புரதங்களைத்தான் பயன்படுத்துகின்றன. நோய்க்கும் நட்புக்கும் கருவிகள் கிட்டத்தட்ட ஒன்றே என்பது இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பாசியும் சும்மா இருப்பதில்லை. டிஎன்ஏ தொடர்பான வேலைகளும் சமிக்ஞை கடத்தும் வேலைகளும் அதில் சூடுபிடிக்கின்றன. நீந்துவதற்கான கசையிழையின் பாகங்களைக்கூட, நீந்த வேண்டிய தேவை இல்லாத இடத்தில், அது தயாரிக்கத் தொடங்குகிறது. நைட்ரேட்டைப் பயன்படுத்தும் மரபணுக்கள் இந்தப் பாசியில் குறைந்திருக்கின்றன. நைட்ரஜனுக்கு அது பூஞ்சையை எதிர்பார்க்கிறது என்று கருத இது இடம் தருகிறது. பூஞ்சையிலோ, வேறு பூஞ்சையின் இழையோடு கலந்துவிடாமல் தடுக்கும் மரபணுக் குடும்பம் பெருத்திருக்கிறது.

இவ்வளவு நெருங்கி வாழும் இரண்டும் மரபணுக்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டனவா? அதற்கான தடயம் இந்த இணையில் கிடைக்கவில்லை. பாசிக்குப் பிற நுண்ணுயிர்களிடமிருந்து சில மரபணுக்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. வறட்சியோடு தொடர்புடைய புரதங்களுக்கானவை அவற்றில் அடக்கம். லைக்கன் வாழ்க்கைக்கென்று ஒரே ஒரு மந்திர மரபணு இல்லை, சிதறிக் கிடந்த பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இந்த வாழ்க்கையைச் சாத்தியமாக்கின என்பதே அந்தக் குழுவின் முடிவு.

2024-இல் வந்த இன்னொரு ஆய்வு இதில் ஒரு திருத்தம் சேர்க்கிறது. லைக்கனில் வாழும் பாசிகளையும் தனித்து வாழும் அவற்றின் உறவினங்களையும் ஒப்பிட்டபோது, லைக்கனில் வாழும் திறமை பச்சைப்பாசிகளில் குறைந்தது மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருப்பது தெரிந்தது. அதில் ஒரு கிளையில், அந்தத் திறமை தோன்றிய அதே கட்டத்தில், வேறோர் உயிரினத்திலிருந்து ஒரு நொதியின் மரபணு பாசிக்குள் வந்திருக்கிறது. லைக்கன் பூஞ்சையின் செல்சுவரில் உள்ள பலசர்க்கரைகளை அந்த நொதி சிதைக்கும். பாசிதான் பிடிபட்ட கைதி, பூஞ்சைதான் காவல்காரன் என்ற பழைய சித்திரம் இதன்பின் நிற்காது. பூஞ்சையின் சுவரைத் தொட்டு மாற்றக்கூடிய கருவி பாசியின் கையிலும் இருக்கிறது.

உருவம் பற்றிய கேள்விக்கு ஆக வலுவான சான்று, லோபாரியா, ஸ்டிக்டா என்ற லைக்கன் வகைகளில் கிடைக்கிறது. அவற்றில் சில பூஞ்சைகள் பச்சைப்பாசியோடு சேர்ந்தால் அகன்ற இலைபோல வளர்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான சயனோபாக்டீரியாவோடு சேர்ந்தால் சின்னஞ்சிறு புதர்போலக் கிளைக்கின்றன. சில வேளைகளில் இலையின் மேலேயே புதர் முளைத்து நிற்கும். இவற்றை வெவ்வேறு லைக்கன்களாக வகைப்படுத்திப் பெயரிட்டும் இருந்தார்கள். 1991-இல் டேனியேலே அர்மலேயோவும் ஃபிலிப் கிளேரும் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, ஒரே பூஞ்சைதான் இரு உருவமும் எடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். கட்டுமானம் முழுவதும் பூஞ்சையின் மரபணுக்களில் இருக்கிறது; ஆனால் எந்தக் கட்டுமானத்தை எழுப்புவது என்பதைத் துணைவன் யார் என்பது முடிவு செய்கிறது.

துணை இரண்டோடு நிற்பதும் இல்லை. வட அமெரிக்காவின் மொன்டானா பகுதியில் மரங்களில் தொங்கும் பிரையோரியா லைக்கன்களில் ஒன்று பழுப்பு நிறம். அதைப் பூர்வகுடிகள் உணவாகக் கொண்டார்கள். மற்றொன்று மஞ்சள், வல்பினிக் அமிலம் நிறைந்தது, நச்சு. இரண்டிலும் அதே பூஞ்சை, அதே பாசி. மரபணு வெளிப்பாட்டைத் துழாவிய டோபி ஸ்ப்ரிபில் குழு, மேற்புறத் தோலில் புதைந்திருந்த வேறொரு பூஞ்சையின், ஒற்றைச் செல்லாக வாழும் ஓர் ஈஸ்ட்டின், மரபணுத் தடயங்களைக் கண்டு 2016-இல் வெளியிட்டது. மஞ்சள் லைக்கனில் அந்த ஈஸ்ட் ஏராளமாக இருந்தது. பிற்பாடு தேடியவர்களுக்குப் பல லைக்கன்களில் அது தென்படவில்லை. ஆகவே மூன்றாவது துணை எல்லா லைக்கனுக்கும் உண்டு என்று சொல்ல முடியாது.

பல லைக்கன்களில் பூஞ்சையின் வித்துகள் பாசி இல்லாமல் தனியாகத்தான் பறந்து போகின்றன. விழுந்த இடத்தில் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பாசியைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிளாடோனியா கிரேயியின் பாசியில் பாலினப் பெருக்கத்துக்குரிய மரபணுக்கள் அப்படியே இருக்கின்றன. லைக்கனுக்கு வெளியே சுதந்திரமாக வாழும்போது அது கலந்து இனம்பெருக்கும் என்பதற்கு இது ஆதரவாக நிற்கிறது.