பெய்ரூட்டில் வெடித்தது பர்கூருக்கு வந்தது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜல்லிக் குவாரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடி வைத்தால் முதலில் புழுதி எழும்பும், சத்தம் பிறகுதான் வரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். ஆகவே ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு வெடிச்சத்தம் சுமார் மூன்று நொடி தாமதமாக வந்து சேரும். போர்க்காலத்தில் கைப்பேசிக்கு வரும் வீடியோக்களில் சிலவற்றை இந்த ஒரு கணக்கை வைத்தே பொய் என்று கண்டுபிடிக்கலாம். நகரத்துக்கு அப்பால், இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் நெருப்புப் பந்து எழுகிறது. அதே நொடியில் காது கிழியும் முழக்கமும் கேட்கிறது என்றால், அந்த ஒலி பிறகு ஒட்டப்பட்டது.

2025 மே 7 அன்று இந்தியா ஆபரேஷன் சிந்தூரைத் தொடங்கியது; மே 10 அன்று சண்டை நின்றது. அந்த நான்கு நாட்களில் இந்தியர்களின் கைப்பேசிகளில் சுற்றியவற்றில் ஒன்று, இந்தியாவின் மேல் பாகிஸ்தான் ஏவுகணை விழுந்ததாகச் சொன்ன பயங்கரமான வெடிப்புக் காட்சி. உண்மையில் அது லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2020 ஆகஸ்ட் 4 அன்று சுமார் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்த காட்சி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதை மறுத்தது. எதிர்ப்பக்கமாகவும் இதேதான் நடந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2025 ஜனவரி 31 அன்று சிறிய விமானம் ஒன்று விழுந்து எரிந்த காட்சி, கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை அழித்ததற்குச் சாட்சியாக உலவியது. சில தொலைக்காட்சிகளே கராச்சி தாக்கப்பட்டதாக அறிவித்தன. அப்படி எதுவும் நடக்கவில்லை.

இரண்டு வீடியோவிலும் ஒரு சட்டகம்கூடப் பொய் கிடையாது. வெடித்தது நிஜம், எரிந்தது நிஜம். மாறியவை ஊரும் தேதியும் மட்டுமே. இணையப் பரப்புரையின் அடிப்படை வேலையே இந்த இடமாற்றம்தான். பொய்யைப் புதிதாகச் செய்வதற்குச் செலவு ஆகும், பிசிறும் தெரியும். பழைய உண்மைக்கு ஒரு வரித் தலைப்பு மாற்றினால் போதும்.

தகடூர்க்காரர்களுக்கு, அதாவது தருமபுரிப் பக்கத்தவர்களுக்கு, இது பழைய பாடம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரிடம் அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். பீலி சூட்டி, நெய் தடவி, பளபளவென்று இருந்தன வேல்கள். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. பளபளப்பது போர் காணாத வேல், முறிந்தது போர் கண்ட வேல் என்பது பொருள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. ஒரு காட்சிக்குப் பொருள் தருவது அதன் பக்கத்தில் வைக்கப்படும் சொல்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பழைய வீடியோவுக்கு அடுத்த பெரிய சுரங்கம் கணினி விளையாட்டு. ‘ஆர்மா 3’ என்ற ராணுவ விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போர், காசா, இந்தியா-பாகிஸ்தான் என்று ஒவ்வொரு மோதலிலும் நிஜப் போராக வலம் வந்திருக்கின்றன. அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022இல் அடையாளம் காணும் வழிகளை வெளியிட்டது. படம் மங்கலாக இருக்கும், கேமரா தேவைக்கு மேல் ஆடும், பெரும்பாலும் இரவாக இருக்கும், ஒலி இருக்காது, மனிதர்கள் நடமாடுவது அநேகமாகத் தெரியாது. மனித நடையைத் தத்ரூபமாகக் காட்டுவது விளையாட்டுகளுக்கு இன்னும் கடினம் என்பதால்தான் ஏமாற்றுபவர்கள் ஆளில்லாக் காட்சியையும் இருட்டையும் தேடிப் பிடிக்கிறார்கள்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. 2022 மார்ச்சில் உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி படைவீரர்களை ஆயுதத்தைக் கீழே போடச் சொல்வதுபோல் வந்த போலி வீடியோவில் தலையும் உடலும் சரியாகப் பொருந்தவில்லை. அன்றே அவர் தாமே வீடியோவில் தோன்றி மறுத்ததால் அது எடுபடவில்லை. 2025 மே மாதத்துக்குள் கைவேலை தேறிவிட்டது. பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளரின் பழைய செய்தியாளர் சந்திப்பில் குரலை மட்டும் மாற்றி, இரண்டு போர் விமானங்களை இழந்ததாக அவர் ஒப்புக்கொள்வதுபோல் செய்திருந்தார்கள். முகம், மேசை, கொடி எல்லாம் அசல் என்பதால் ஊடகங்கள் சிலவும் ஏமாந்தன. இனி உதட்டசைவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பி உட்கார வேண்டாம்.

பரப்புகிறவர்கள் யார் என்று கேட்டால் எதிரி நாட்டை மட்டும் கைகாட்டுவது நம் வழக்கம். பதிவுகள் வேறு விதமாக இருக்கின்றன. 2019 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனம் பாகிஸ்தான் ராணுவ ஊடகப் பிரிவின் ஊழியர்களோடு தொடர்புடைய 103 பக்கங்களையும் கணக்குகளையும் நீக்கியது. 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று, இந்திய நலன்களுக்கு ஆதரவாக 15 ஆண்டுகள் இயங்கிய, 750க்கும் மேற்பட்ட போலிச் செய்தித் தளங்கள் கொண்ட வலைப்பின்னலை வெளிப்படுத்தியது. ரஷ்யாவுடன் தொடர்புடைய ஒரு கும்பல் ஜெர்மனியின் ‘டெர் ஸ்பீகல்’ போன்ற ஏடுகளின் தளங்களை அச்சு அசலாக நகலெடுத்தது. முகவரியின் கடைசிப் பகுதி மட்டும் வேறு: டாட் டிஇ இருக்க வேண்டிய இடத்தில் டாட் எல்டிடி. அமெரிக்க ராணுவமும் போலிக் கணக்குகள் மூலம் பிலிப்பைன்ஸில் சீனத் தடுப்பூசி மீது அவநம்பிக்கையை விதைத்ததை ராய்ட்டர்ஸ் 2024இல் வெளியிட்டது. இதோடு பணத்துக்காகவே செய்பவர்களும் உண்டு. எக்ஸ் தளம் 2023 ஜூலையில் விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்கத் தொடங்கியது முதல், போர் என்பது பலருக்கு அறுவடைக் காலம் ஆகிவிட்டது.

எக்ஸில் விதைத்தது நம் ஊர்க் குழுவுக்கு எப்படி வருகிறது? முதல் அரை மணியில் ஒரே வாசகத்தை, எழுத்துப்பிழை உட்பட, ஏராளமான கணக்குகள் பதிவிடுகின்றன. ஹேஷ்டேக் மேலே ஏறுகிறது. அதை யாரோ பதிவிறக்கி, மேலே சிவப்பில் தமிழ் எழுத்தைப் பதித்து, வாட்ஸ்அப்பில் ஏற்றுகிறார். இந்தக் கட்டத்தில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. முதலில் பதிவிட்டவர் பெயர், தேதி, கீழே மற்றவர்கள் எழுதிய மறுப்பு, எல்லாம் கழன்றுவிடும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது, கோப்புக்குள் இருந்திருக்கக்கூடிய எடுத்த நேரமும் இடமும்கூட அழிந்துவிடும். பாலக்கோட்டில் ஒருவர் கைக்கு அது வரும்போது அதில் மீதமிருக்கும் ஒரே சான்று, அனுப்பிய மாமாவின் பெயர். நாம் நம்புவதும் அதைத்தான்.

இந்தியாவில் பொய்ச் செய்தியால் கும்பல் கொலைகள் நடந்த பிறகு, 2018இல் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரல் முதல், ஐந்து முறையோ அதற்கு மேலோ கை மாறி இரட்டை அம்புக்குறி பெற்ற செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. நல்ல தடைதான். ஆனால் வீடியோவைச் சேமித்துப் புதிதாக ஏற்றினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அம்புக்குறி காணாமல் போகும். அம்புக்குறி இருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

மனம் ஏன் இதற்கு வளைகிறது என்பதும் அளக்கப்பட்ட ஒன்றே. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோல் தோன்றத் தொடங்கும் என்பதை 1977இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, ட்விட்டரில் சுமார் 1,26,000 செய்திகள் பரவிய விதத்தை அலசியது. பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதற்குப் பெரிய காரணம் தானியங்கிக் கணக்குகள் இல்லை, மனிதர்கள்தான் என்பது அந்த ஆய்வின் முடிவு.

முழுப் பொய்யைவிடப் பாதி உண்மை கூடுதல் சேதம் செய்யும். 2025 ஜூன் மாதத்தில் இஸ்ரேல்-ஈரான் போர் 12 நாள் நடந்தது. ஜூன் 22 அன்று, பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையை மூட ஈரான் நாடாளுமன்றம் ஆதரவு தெரிவித்தது. இறுதி முடிவோ அந்நாட்டின் உச்ச தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் கையில் இருந்தது. இரண்டாவது வாக்கியத்தை வெட்டிவிட்டால் ‘ஹோர்முஸ் மூடப்பட்டது’ என்று ஆகிவிடும். அந்தப் போரில் நீரிணை மூடப்படவே இல்லை. 2024இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் போன வழி அது. ஜூன் என்பது கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் பெங்களூரா மாங்காய் ஆலைக்குப் போகும் மாதமும்கூட. இங்கிருந்து மாங்கூழ் வளைகுடா நாடுகளுக்கும் கப்பலில் போகிறது. அந்த வாரம் ‘கப்பல் நின்றுவிட்டது’ என்ற ஃபார்வர்டை நம்பும் விவசாயி, காயை என்ன விலைக்கும் தள்ளிவிடத் தயாராவார். வெளியுறவுக் கொள்கை நமக்கு எட்டாத விஷயம் என்று நினைப்பவர்கள் அந்த லோடு வண்டியின் பக்கத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

தில்லியில் விளைவு இன்னொரு மாதிரி. ஒரு தலைவர் மக்கள் முன் மிரட்டல் விட்டபின் பின்வாங்கினால் உள்நாட்டில் அரசியல் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஜேம்ஸ் ஃபியரான் என்ற அரசியல் அறிஞர் 1994இல் இதைக் கோட்பாடாக வகுத்தார். வராத வெற்றியை வந்ததாக இணையம் கொண்டாடிவிட்டால் அந்த விலை இன்னும் ஏறும். சமாதானம் தோல்விபோல் தெரியும். கராச்சி எரிவதாக நம்பியவருக்கு மே 10 சண்டை நிறுத்த அறிவிப்பு துரோகமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியும் அவர் குடும்பமும் இணையத்தில் வசைபாடப்பட்டனர். அவர் தம் எக்ஸ் கணக்கைப் பூட்டி வைத்தார். அரசு எடுத்த முடிவை அறிவித்த ஓர் அதிகாரிக்கு இது நேர்ந்தது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். வீடியோவை நிறுத்தி மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: தொடக்கத்தில் ஒன்று, கட்டடமோ பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் ஒன்று, வெடிப்புக்குச் சற்று முன் ஒன்று. வெடிக்கும் கணத்தையே எடுத்தால் வெறும் வெளிச்சம்தான் கிடைக்கும், தேடலில் எல்லா நெருப்பும் வந்து நிற்கும். பதித்த எழுத்தையும் சின்னத்தையும் வெட்டிவிட்டு, படத்தை வைத்தே தேடித்தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். கிடைக்காவிட்டால் அதேபோன்ற யாண்டெக்ஸ், டின்ஐ தளங்களில் தேடுங்கள். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். அப்போதும் கிடைக்காவிட்டால் படத்தை இடம் வலமாகத் திருப்பித் தேடுங்கள். தேடலில் சிக்காமல் இருக்கக் கண்ணாடிபோல் திருப்பிப் போடுவது வழக்கமான தந்திரம். முதலில் வரும் பத்து முடிவும் அதே பொய்யைச் சொல்லலாம். நீங்கள் தேட வேண்டியது, சொல்லப்படும் நிகழ்வுக்கு முந்தைய தேதியுள்ள ஒரே ஒரு பதிவை. அது கிடைத்தால் வேலை முடிந்தது.

கிடைக்காவிட்டால் வீடியோ உண்மை என்று ஆகிவிடாது, புதியதாக இருக்கலாம் என்று மட்டுமே பொருள். அப்போது காட்சிக்குள் பாருங்கள். கடைப் பலகையில் என்ன எழுத்து? வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் போகின்றன? ஈரானிலும் லெபனானிலும் வலப்பக்கம், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இடப்பக்கம். நம் கடிகாரம் ஈரானைவிட இரண்டு மணி நேரம் முந்தியது. மாலை நான்கு மணிக்கு ‘தெஹ்ரானில் இப்போது’ என்று வரும் வீடியோவில் வானம் இருட்டாக இருந்தால் விட்டுவிடலாம். ஒலிச் சோதனையும் உண்டு. ஆனால் தூரத்தை ஓரளவு கணிக்க முடிந்தால்தான் அது உதவும், ஒலி சரியாகத் தாமதித்தாலும் ஊர் எது என்று அது சொல்லாது. அரசின் சரிபார்ப்புப் பிரிவுகள் வெளிநாட்டுப் பொய்யை விரைவாக மறுக்கும். அரசே சொல்லும் ஒன்றைச் சரிபார்க்க அவற்றை மட்டும் நம்ப முடியாது. நமக்குப் பிடித்த பக்கத்திலிருந்து வந்ததை முதலில் சோதிப்பது நல்லது. கை தயங்கும் இடம் அதுதான்.

மறுப்பை எழுதும்போது வீடியோவைத் திரும்ப ஏற்றாதீர்கள். நான்கு பேர் மறுப்பைப் படிக்காமல் அதையே அனுப்புவார்கள். பொய்யைத் தலைப்பாக்காமல் உண்மையை முதல் வரியில் வையுங்கள், அசல் பதிவின் இணைப்பைக் கொடுங்கள், பெரியவரைக் குழுவில் தலைகுனிய வைக்காமல் தனியாக அனுப்புங்கள். இவ்வளவு போதும்: “மாமா, அந்த வெடிப்பு வீடியோ லெபனான் பெய்ரூட்டில் 2020 ஆகஸ்ட் 4 எடுத்தது. அன்றைய செய்தி இணைப்பு கீழே இருக்கிறது. குழுவிலிருந்து நீங்களே எடுத்துவிடுங்கள், இரண்டு நாளுக்குள் என்றால் ‘அனைவருக்கும் நீக்கு’ வேலை செய்யும்.”