தள்ளுபடி: சொல்லும் கணக்கும்

தேர்தல் நேரத்தில் எதிரெதிர் மேடைகளில் ஒரே சொல்லைக் கேட்கலாம். "விவசாயிகளின் கடனைத் தள்ளுபடி செய்தோம்" என்று ஒரு மேடையில் பேசுவார்கள். "பெரு முதலாளிகளின் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்" என்று அடுத்த மேடையில் பேசுவார்கள். முதலாவது சாதனைப் பட்டியலில் வருகிறது, இரண்டாவது குற்றப் பட்டியலில் வருகிறது. இரண்டிலும் நடந்தது ஒரே காரியமா என்று கேட்டால், இல்லை. ஆங்கிலத்தில் முதலாவதை 'வெய்வர்' என்கிறார்கள், இரண்டாவதை 'ரைட் ஆஃப்' என்கிறார்கள். நம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இரண்டையும் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. இந்தக் குழப்பத்தால் வாக்குவாதம் பாதி வழியிலேயே தடம் மாறிவிடுகிறது. அரசுப் பணம் யாருக்குப் போகிறது என்பதில் அக்கறை உள்ளவர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தள்ளு என்ற வினைக்கு விலக்கு, அகற்று, கணக்கில் கழித்துவிடு என்றெல்லாம் பொருள் உண்டு. 'வட்டியைத் தள்ளிப் பார்த்தால் அசல் இவ்வளவுதான்' என்று இன்றும் பேசுகிறோம். அதோடு சேர்ந்த 'படி', வரும்படி, குளறுபடி ஆகியவற்றில் வருவது போன்ற ஈறு. சாகுபடியும் இதே சாயல்தான். அது தெலுங்கிலிருந்து வந்து தமிழில் நிலைத்த சொல். ஆக, தள்ளுபடி என்றால் கழித்து ஒதுக்கப்பட்டது. எதிலிருந்து, யாருக்காக, யார் செலவில் கழிக்கப்பட்டது என்பதைச் சொல் சொல்லவில்லை. அதனால்தான் எல்லா இடத்திலும் அது பொருந்திவிடுகிறது. ஆடி மாதம் துணிக்கடையில் தள்ளுபடி, நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தள்ளுபடி, வங்கியின் ஆண்டறிக்கையிலும் தள்ளுபடி. துணி வாங்குபவருக்கு லாபம், மனு போட்டவருக்குத் தோல்வி, கடன் வாங்கியவருக்கு விடுதலை. நான்காவதில் கடன் வாங்கியவருக்கு என்ன கிடைத்தது என்பதில்தான் சண்டையே.

இதற்கு முன்னால் நம்மிடம் இதைவிடத் தெளிவான சொற்கள் இருந்திருக்கின்றன. புறநானூற்றின் 35ஆம் பாட்டு, வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் பாடியது. போரில் நீ பெறும் வெற்றியும் ஏர் உழுது விளைந்ததன் பயன்தான், மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும், ஆகவே உழுகிறவனின் சுமையைக் குறைத்துக் காப்பாற்று என்பது அதன் சாரம். இன்றைய கடன் தள்ளுபடி விவாதத்தில் ஆதரவுப் பக்கம் பேசுபவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பாட்டின் அடிக்குறிப்பு அவர் 'பழஞ்செய்க் கடன் வீடு கொண்டது' என்று சொல்கிறது. செய் என்றால் வயல். கடன் என்பது இங்கே வயலுக்காக அரசுக்குச் செலுத்த வேண்டிய பழைய பாக்கி. வீடு என்றால் விடுதலை. வீடுபேறு என்கிறோமே, அதே வீடு. யார் விடுபட்டார், எதிலிருந்து விடுபட்டார் என்பது ஒரே தொடரில் வந்துவிட்டது. 'வெய்வர்' என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரிந்து இல்லை.

கல்வெட்டுகளில் இறையிலி வருகிறது. இறை என்றால் வரி, அது இல்லாத நிலம் இறையிலி. முதலாம் குலோத்துங்கன் சுங்கவரியை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' ஆனான். அப்புறம் வெள்ளைக்காரர் காலத்து வருவாய்த் துறையில் அரபு மூலம் கொண்ட 'வஜா' என்ற சொல் புழங்கியது. பயிர் சாவியாகப் போனால், அதாவது மணி பிடிக்காமல் பதராகிப் போனால், தீர்வை எனும் நிலவரியில் கொடுத்த கழிவு சாவி வஜா. இதை ஜமாபந்தி என்ற ஆண்டு வருவாய்த் தணிக்கையில் கணக்குப் பார்த்துத் தீர்த்தார்கள். இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் இழப்பது அரசு, விடுபடுவது குடி என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது. வஜா போய் அந்த இடத்தில் தள்ளுபடி உட்கார்ந்தபோது இந்தத் தெளிவும் கூடவே போய்விட்டது.

இப்போது கூட்டுறவுச் சங்கத்தில் நடப்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2006இல் கருணாநிதி முதல்வராகப் பதவியேற்ற அன்றே கூட்டுறவுப் பயிர்க்கடன் 6,866 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தார். 2016இல் ஜெயலலிதா, சிறு, குறு விவசாயிகளின் கடன் 5,780 கோடியைத் தள்ளுபடி செய்தார். 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி 16.43 லட்சம் பேரின் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தார். அறிவிப்பு வந்ததும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பட்டியல் எடுப்பார்கள். 2021இல் கணக்கு நாள் ஜனவரி 31. அன்றைக்கு நிலுவையில் இருந்த பயிர்க்கடன்தான் பட்டியலில் வரும். நகையை விற்றாவது தவணை தப்பாமல் முந்தின வாரமே கடனை அடைத்தவர் பட்டியலில் இல்லை. சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடி ஆவணங்கள் இல்லாமல் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவருக்குச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பதே அரிது. அவருடைய கடன் வட்டிக்கு விடுபவரிடம் இருக்கும். அது எந்த அரசாணையிலும் வருவதில்லை. தள்ளுபடியை ஆதரிக்கிறவன்தான் நான். ஆனால் இந்தக் குத்தகைதாரர்களை விட்டுவிட்டு 'விவசாயிகளின் கடன்' என்று பொதுவாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டியலில் பெயர் வந்தவரின் கடன் முடிந்துபோகிறது. சங்கம் அவரிடம் இனிக் கேட்க முடியாது. தள்ளுபடிச் சான்றிதழ் கொடுக்கிறது. சங்கத்துக்கு வரவேண்டிய தொகையை மாநில அரசு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கித் தவணை தவணையாகச் செலுத்துகிறது. அந்தப் பணம் தாமதமானால் சங்கம் அடுத்த பருவத்துக்குக் கடன் கொடுக்கத் திணறும். மொத்தத்தில் கடனாளி மாறுகிறார்: விவசாயியின் இடத்தில் அரசு வந்து நிற்கிறது. இதுதான் தள்ளுபடியின் முதல் பொருள்.

மத்திய அரசின் 2008ஆம் ஆண்டுத் திட்டம் பெயரிலேயே இரண்டு வகையைப் பிரித்து வைத்திருந்தது. இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்குத் தகுதியான நிலுவை முழுவதற்கும் தள்ளுபடி. அதற்கு மேல் உள்ளவர்கள் 75 சதவீதத்தைக் கட்டினால் மீதி 25 சதவீதம் கழிவு; அதற்கு நிவாரணம் என்று பெயர். ப. சிதம்பரம் பிப்ரவரி 29 அன்று வரவு செலவு உரையில் அறிவித்தபோது மதிப்பீடு 60,000 கோடி. 2013இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, தகுதியில்லாதவர்கள் சிலர் பயன்பெற்றதையும் தகுதியுள்ளவர்கள் சிலர் விடுபட்டதையும் சுட்டிக்காட்டியது. பட்டியல் எடுக்கும் இடத்தில்தான் திட்டம் வாழ்கிறது அல்லது சாகிறது என்பதற்கு அது சான்று.

எதிர்ப்புப் பக்கத்தின் வாதம் ஒன்றும் அற்பமானதல்ல. 2017 ஏப்ரலில் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல், கடன் தள்ளுபடி நேர்மையாகத் திருப்பிச் செலுத்தும் பழக்கத்தைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். அடுத்த தேர்தலில் தள்ளுபடி வரும் என்ற எதிர்பார்ப்பில் கட்டாமல் இருப்பவர்கள் உண்டு, உண்மைதான். அதே ஆண்டு தமிழ்நாட்டில் வேறு விதமான வழக்கு நடந்தது. ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்களுக்கும் 2016 தள்ளுபடியைத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, சிறு, குறு விவசாயிகளைத் தனியாகப் பிரித்தது செல்லும் என்றது. வறட்சியின் அடி எல்லோருக்கும் விழுந்தாலும் தாங்கும் சக்தி ஒன்றல்ல என்பதை ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

சரி, வங்கியின் 'ரைட் ஆஃப்' என்றால் என்ன? தொழில் நிறுவனம் ஒன்று 100 கோடி கடன் வாங்கி, 90 நாட்களுக்கு மேல் தவணை கட்டவில்லை என்றால் அது வாராக்கடன். இது நல்ல தமிழ்ச் சொல், மக்களிடமும் பரவிவிட்டது. இந்த இழப்பை ஈடுகட்ட வங்கி தன் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் பெரும்பாலும் முழுத் தொகைக்கும் ஒதுக்கீடு ஆகிவிடும். அதன்பின் அந்த 100 கோடியை இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். தலைமை அலுவலகக் கணக்கில் அது இல்லை; கடன் கொடுத்த கிளையின் ஏட்டில் அப்படியே இருக்கும். கடனாளிக்கு எந்த விடுதலையும் இல்லை. வழக்கு, சொத்து ஏலம் எல்லாம் தொடரலாம்.

2020 ஏப்ரலில், வேண்டுமென்றே கடனைக் கட்டாத 50 பேரின் 68,607 கோடி கடனை வங்கிகள் இப்படிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட செய்தி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இந்த வேறுபாட்டைத்தான் பதிலாகச் சொன்னார். இலக்கணப்படி அவர் சொன்னது சரி.

ஆனால் இலக்கணத்தோடு விஷயம் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதிலின்படி, 2014-15 முதல் ஒன்பது ஆண்டுகளில் வங்கிகள் இப்படி நீக்கிய கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் பெரிய தொழில், சேவை நிறுவனங்களின் பங்கு 7.40 லட்சம் கோடி. நீக்கிய கடன்களில் இந்தக் காலத்தில் வசூலானது சுமார் 2.04 லட்சம் கோடி, அதாவது நூறு ரூபாய்க்கு 14 ரூபாய் அளவு. 'கடன் இன்னும் இருக்கிறது' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உண்மை நிலவரம் இது. மீதியைத் தாங்குவது யார்? ஒதுக்கீட்டால் வங்கியின் லாபம் குறைகிறது. லாபம் குறைந்தால் அரசுக்கு வர வேண்டிய வரி குறைகிறது, பொதுத்துறை வங்கியாக இருந்தால் ஈவுத்தொகையும் குறைகிறது. மூலதனம் கரைந்துபோனால் அரசே பணம் போட வேண்டியிருக்கிறது. 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்காக 2.11 லட்சம் கோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது; அதில் 1.35 லட்சம் கோடி அரசுப் பத்திரங்கள் வழியாக. விவசாயியின் தள்ளுபடியில் அரசின் செலவு ஒரே வரியில் எல்லோர் கண்ணிலும் படுகிறது. இங்கே அது பல ஏடுகளில் பிரிந்து கிடக்கிறது. கண்ணில் படும் செலவுக்கு மட்டும் 'இலவசம்' என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

ஆகவே என் பரிந்துரை இது. கடனாளி விடுபடுவதற்கு மட்டும் 'கடன் தள்ளுபடி' என்று எழுதலாம். மக்கள் நாவில் ஊறிய சொல்லை மாற்ற வேண்டியதில்லை. அரசாணைகளிலும் கட்டுரைகளிலும் 'கடன் விடுவிப்பு' என்றால் இன்னும் துல்லியம். நாகனார் கொண்ட 'வீடு' அதற்குள் இருக்கிறது. வங்கி செய்வதை 'கணக்கு நீக்கம்' என்போம். "வங்கிகள் 14.56 லட்சம் கோடி வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின, வசூலானது 2.04 லட்சம் கோடி" என்று எழுதினால் யாரையும் மன்னித்ததாகவும் ஆகாது, உண்மை மறைந்ததாகவும் ஆகாது. இரண்டாம் பாதியைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பது முக்கியம்.

அரசு வங்கிக்குப் பணம் போடுவது 'மறுமூலதனம்'. மூழ்கும் நிறுவனத்தை அரசு காப்பாற்றும் 'பெயில் அவுட்' என்பதைச் சிலர் பிணையெடுப்பு என்கிறார்கள். அது நீதிமன்ற ஜாமீனை நினைவூட்டுகிறது. மீட்பு நிதி போதும். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தின் கடனைத் தீர்க்கும்போது வங்கி விட்டுக்கொடுக்கும் பங்கை 'ஹேர்கட்' என்கிறார்கள். அதை 'கடன் கழிவு' எனலாம். இதில் அந்தப் பங்கு திரும்பி வராது; அந்த அளவுக்கு அது விவசாயிக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது, கணக்கு நீக்கத்துக்கு அல்ல.