சுருங்கிய கட்டி நல்ல கட்டியா?

குழந்தையைக் குளிப்பாட்டும்போதோ சட்டை மாற்றும்போதோதான் பெரும்பாலும் அது கையில் தட்டுப்படுகிறது. வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் உப்பியிருக்கும். தொட்டால் கெட்டியாக இருக்கும். குழந்தையோ வலி என்று சொல்லாமல் ஓடியாடிக் கொண்டிருக்கும். வயது பெரும்பாலும் மூன்று, நான்கு. குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பது இந்த வகைதான். 1899-இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் மேக்ஸ் வில்ம்ஸின் பெயரால் இதை வில்ம்ஸ் கட்டி என்கிறார்கள்.

அமெரிக்காவில் வழக்கமாக முதலில் அறுவை, பிறகு மருந்து. ஐரோப்பாவில் வரிசை தலைகீழ்: முதலில் நான்கு வாரம் வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் மருந்துகள், அதன் பிறகே கத்தி. அதுவும் பெரும்பாலும் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்காமலேயே. புற்றுநோய் மருந்தை வெறும் ஸ்கேன் படத்தை நம்பித் தொடங்குவதா என்று எனக்கு முதலில் திக்கென்றுதான் இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. இந்தக் கட்டி எளிதில் கிழியும். கிழிந்து வயிற்றுக்குள் சிந்தினால் நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அதனால்தான் இந்தக் குழந்தைகளின் வயிற்றை அடிக்கடி அழுத்திப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். இரு வழிகளிலும் இன்று ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

படத்தை எப்படி நம்புகிறார்கள்? கட்டி சிறுநீரகத்துக்குள்ளிருந்தே வளர்ந்தால், மிச்சமிருக்கும் சிறுநீரகத் திசு அதன் ஓரத்தில் நண்டின் கொடுக்குபோலக் கவ்விக்கொண்டு தெரியும். பக்கத்துச் சுரப்பியில் தோன்றும் நியூரோபிளாஸ்டோமா என்ற வேறொரு புற்றுக்கட்டி என்றால் முழுச் சிறுநீரகமும் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கும்; பெரிய ரத்தக் குழாய்களைக் கட்டி சூழ்ந்து நிற்கும்; உள்ளே சுண்ணாம்புத் துகள்கள் மின்னும். வில்ம்ஸ் கட்டி ரத்தக் குழாயைச் சூழ்வதைவிட ஒதுக்கித் தள்ளுவதே அதிகம். ஆனால் சிறுநீரகச் சிரைக்குள் நாக்கு நீட்டும் வழக்கம் அதற்கு உண்டு. அதை அல்ட்ராசவுண்டில் தேடிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

நான்கு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன். கட்டி பாதியாகிவிட்டது என்றால் வீடே மகிழும். மருத்துவர் மட்டும் இன்னும் முகம் மலராமல் இருப்பார். கருவில் சிறுநீரகம் உருவாகும்போது இருக்கும் மூன்று வகைத் திசுக்களும் அரைகுறையாகக் கலந்ததுதான் இந்தக் கட்டி. அவற்றில் பிளாஸ்டிமா என்ற இளம் செல்கள் மருந்துக்கு மளமளவென்று கரையும். கட்டியும் வெகுவாகச் சுருங்கும். ஆனால் அந்த அடிக்கும் தாக்குப்பிடித்த பிளாஸ்டிமாவே மிச்சத்தில் பெரும்பகுதி என்றால், அதுதான் ஆபத்தானது. மாறாக, ஸ்ட்ரோமா என்ற இணைப்புத் திசு மிகுந்த கட்டி அசைந்தே கொடுக்காது. ஆனாலும் அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே தேறுகிறார்கள். ஆக, அளவுகோலை வைத்து அளந்தால் ஏமாற்றமே மிச்சம்.

இங்கேதான் எம்.ஆர்.ஐ.யின் ஒரு தனிவகை கைகொடுக்கிறது. அது அளப்பது கட்டியை அல்ல, கட்டிக்குள் இருக்கும் தண்ணீரின் நடமாட்டத்தை. தண்ணீர் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. தடையில்லாத இடத்தில் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு செல்லின் அகலத்துக்கும் மேல் நகர்ந்துவிடும். இயந்திரம் காந்தப்புலத்தைச் சட்டென்று ஒரு திசையில் சாய்த்து, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அது நிற்கும் இடத்துக்கேற்ப ஓர் அடையாளம் இடுகிறது. கண நேரம் கழித்து அதே அடையாளத்தை அழிக்கும் துடிப்பை அனுப்புகிறது. நின்ற இடத்திலேயே நின்ற தண்ணீரின் அடையாளம் முழுதாக அழிந்து, அதன் சமிக்ஞை பிரகாசமாகத் திரும்பும். நகர்ந்த தண்ணீரின் கணக்கு நேராகாது, படத்தில் மங்கும்.

பிளாஸ்டிமா செல்கள் நெருக்கியடித்து இருப்பவை. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் நடத்துநர் படும் பாடுதான் அங்கே தண்ணீருக்கு. செல்கள் செத்து இடிந்த இடத்திலும், செல்கள் தளர்ந்து நிற்கும் ஸ்ட்ரோமாவிலும் தண்ணீர் சுலபமாக உலவும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இந்த நடமாட்டத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டால், உள்ளே எந்தத் திசு மிஞ்சியிருக்கிறது என்று ஊகிக்கலாம். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் இந்த ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது.

ஊகம்தான், தீர்ப்பு அல்ல. செல்லின் உட்கரு விகாரமாகிப்போன அனபிளாசியா என்ற மிக மோசமான வகையை இந்தப் படம் காட்டிக்கொடுப்பதில்லை. ஸ்ட்ரோமாவுக்கும் செத்த திசுவுக்கும் இடையே குழப்பமும் வரும். போதாக்குறைக்கு, மூன்று வயதுக் குழந்தை அந்தச் சத்தத்துக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும்.

படம் சொன்னது சரிதானா என்று பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியே எடுத்த சிறுநீரகம் மேசையில் சரிந்து உருமாறிக் கிடக்கும். ஸ்கேனில் பார்த்த குறுக்குவெட்டு எங்கே என்று கண்டுபிடிப்பதே பாடு. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரிலுள்ள பிரின்சஸ் மாக்ஸிமா மையத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அந்தந்தக் குழந்தையின் ஸ்கேனை வைத்தே முப்பரிமாண அச்சில் ஓர் அச்சுப்பெட்டி வார்த்து, சிறுநீரகத்தை அதில் பொருத்தி, படம் எடுத்த அதே தளத்தில் கத்தியை இறக்குகிறார்கள்.